குடும்பச் சூழ்நிலை காரணமாக

கேட் போட்டுவிட்டார்கள். பத்து வினாடி முன்னால் வந்திருந்தால் தாண்டியிருப்பேன், ஆனால் அந்தப் பத்து வினாடியை வீட்டு வாசலிலேயே செலவழித்தாயிற்று, கைப்பையைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகப் பார்த்ததில். இருந்தது. இருக்காமல் எங்கே போகும், அதற்கென்ன காலா இருக்கிறது. மணி ஒன்பது முப்பத்தைந்து. ஸ்கூட்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பால் வண்டி, அதற்கு முன்னால் பள்ளிக்கூட வேன், இடது பக்கத்தில் ஒழுங்காக ஒரே வரிசை. இந்த ஒழுங்கு இன்னும் ஒரு நிமிடம்தான் தாங்கும் என்று இருபத்திரண்டு வருடமாக இதே இடத்தில் நிற்கிற எனக்குத் தெரியும். இதோ, ஒரு ஆட்டோ வலது பக்கமாக ஏறிவிட்டது. அதன் பின்னால் இரண்டு பைக். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும், அவர்களும் ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு முகத்தை எங்கள் பக்கம் திருப்பி நிற்பார்கள், கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் நடுவில் முட்டிக்கொண்டு, ரயிலுக்காக நின்றதைவிட அதிக நேரம் ஒருத்தருக்காக ஒருத்தர் நிற்பார்கள். மறுநாள் காலையில் வந்து மறுபடியும் அதையே செய்வார்கள். எங்கள் விருதுநகர்க்காரர்கள் பருப்பிலும் எண்ணெயிலும் கெட்டிக்காரர்கள்தான், இந்த கேட்டுக்கு முன்னால் மட்டும் புத்தியை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நான் இடது பக்கமேதான் நிற்பேன். "நீ ஒருத்தி நின்னா ஊர் திருந்திருமாக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். ஊரைத் திருத்தவா நிற்கிறேன், வேப்பமரத்து நிழல் இந்தப் பக்கம்தான் விழுகிறது, அதனால் நிற்கிறேன்.

கடிதத்தில் ஆறே வரி. பதினொரு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், அதற்குமேல் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். தர்மபுரிக்குக் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது எனக்கு, அது வேண்டாம் என்கிற கடிதம். மூன்றாவது முறை வேண்டாம் என்கிறேன். முதல் இரண்டு முறையும் தற்காலிகமாகத் துறக்கிறேன் என்று எழுதினேன், இந்த முறை நிரந்தரமாக என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் திருப்பிப் போட அவர்களுக்கும் அலுப்பாக இருக்காதா. நாற்பத்தொன்பது வயதில் உதவியாளர், அறுபது வயதிலும் உதவியாளர். நிரந்தரமாக என்ற சொல்லை எழுதும்போது பேனா நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. நின்றது அடுத்த வரியில். குடும்பச் சூழ்நிலை காரணமாக. அந்த வரி எனக்குப் புதிதா என்ன, எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், "அக்கா, ரெண்டு வரி எழுதிக் குடுங்கக்கா" என்று. மாறுதல் வேண்டுமென்றாலும் குடும்பச் சூழ்நிலை, மாறுதல் வேண்டாமென்றாலும் குடும்பச் சூழ்நிலை, நீண்ட விடுப்புக்கும் அதுதான், விடுப்பை ரத்து செய்வதற்கும் அதுதான். படிக்கிற அதிகாரி மேலே எதுவும் கேட்க மாட்டார், கேட்டால் அவர் வீட்டுச் சூழ்நிலையும் பேச்சில் வந்துவிடும். ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார். இத்தனை பேருக்கு யோசிக்காமல் எழுதிக் கொடுத்த கைக்கு இன்று காலையில், இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த வரியில் என்ன வந்தது. எழுதிவிட்டேன், எழுதாமல் விடவில்லை. ஆனால் மடித்து வைத்ததிலிருந்து அந்த ஒரு வரி மட்டும் பைக்குள் கிடந்து உறுத்துகிறது.

என்ன சூழ்நிலை இருக்கிறது இப்போது. முதல் முறை வந்தபோது மாமியார் படுக்கையில் இருந்தார்கள், மகள் நேத்ராவுக்கு ஆறு வயது. இரண்டாவது முறை வந்தபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டும் உண்மைதான், யாரும் மறுக்க முடியாது. இப்போது மாமியார் போய் நாலு வருடம் ஆகிறது, நேத்ரா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டுக்காரரோ "போயேன், மூணு வருஷம் கண்ணை மூடிட்டு இருந்துட்டு மாறுதல் வாங்கிட்டு வந்துரு, எனக்கென்ன, சோறு பொங்கத் தெரியாதா" என்கிறார். அவருக்குச் சோறு பொங்கத் தெரியும், அதை இறக்கத்தான் தெரியாது. ஆனாலும் மனதாரத்தான் சொல்கிறார், அவருக்குச் சூது கிடையாது. நேற்றுச் சாயங்காலம் நேத்ரா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கையில் கேரம் போர்டுக்குத் தூவுகிற போரிக் பவுடர். அவள் நெடுநேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில், குரலை இறக்கி, "அம்மா, ரெண்டு தடவை எனக்காகத்தான விட்ட. எனக்கு அது தெரியும்மா. யாராச்சும் உன் அம்மா என்ன வேலை பாக்காங்கன்னு கேட்டாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். இப்பவாச்சும் போம்மா. என்னால நீ அங்கயே நின்னுட்டன்னு இருக்க வேண்டாம்" என்றாள். என்னால் நீ அங்கேயே நின்றுவிட்டாய். இருபது வயதுப் பிள்ளை வாயில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று திகைத்துப் போனேன், எங்கிருந்து வரும், என் வாயிலிருந்துதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேனே. "என்ன செய்ய, பிள்ளையைப் பாக்கணும்ல" என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். கேட்காத மாதிரிதான் இருப்பாள்.

"என்னக்கா, எழுதியாச்சா?"

அருள்செல்வி. எங்கள் அலுவலகத்துத் தட்டச்சர், முப்பத்திநாலு வயது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுப் பேசுகிறாள். வலது பக்கக் கூட்டத்தில்தான் வந்து நிற்கிறாள், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"எழுதியாச்சு."

"போகலைன்னுதான?"

"போகலைன்னுதான்."

"காரணம் என்ன போட்டீக?"

"வழக்கமா போடுறதுதான்."

"உங்களுக்கு என்னக்கா குடும்பச் சூழ்நிலை இருக்கு இப்ப? கேரம் போர்டா?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், அவள் மனதில் ஒன்றும் கிடையாது, அதற்குள் அவளுக்கு போன் வந்துவிட்டது, "கேட்டுல நிக்கேன், கேட்டுல" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் காது சுட்டது.

முன்னால் ஒருத்தன் பைக்கைச் சாய்த்து கேட் கம்பிக்கு அடியில் நுழைகிறான். கைப்பிடியைப் படுக்க வைத்து, இடுப்பை ஒடித்து, தலையை வண்டிக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோய், ஒரு பாம்பாட்டம், வெளியே போய்விட்டான். பெரிய சாமர்த்தியம். நானும் செய்திருக்கிறேன், ஒரே ஒரு முறை, முப்பத்திரண்டு வயதில், நேத்ராவை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு. பால்வாடிக்கு நேரமாகிவிட்டது என்று. சாய்த்த வண்டி பாதியில் நின்று, சேலை எதிலோ மாட்டி, பிள்ளை "அம்மா ரயிலு" என்று கையை நீட்டி, ரயில் இன்னும் வெகு தூரத்தில் ஒரு புள்ளியாகத்தான் இருந்தது, கேட்கீப்பர் ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டார், திட்டக்கூட இல்லை, "பிள்ளையை வச்சுக்கிட்டு ஏந்தாயி" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு குனிந்ததில்லை. இப்போது குனிய நினைத்தாலும் முட்டி விடாது, குனிந்தால் நிமிர இரண்டு பேர் வேண்டும். இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழிகிறது. முதலில் செய்யமாட்டேன் என்று விடுகிறோம், பிறகு செய்யமுடியாது என்று ஆகிறது, எந்த நாளில் அது இதுவாக மாறியது என்று யாரும் வந்து சொல்வதில்லை. நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன், இனிக் கற்கமாட்டேன். இந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்குமேல் போகாது. இன்னொரு பிள்ளை என்பது முடிந்தது, போன வருடத்தோடு உடம்பும் அந்தக் கணக்கை மூடிவிட்டது, மூடும்போது ராத்திரி பகல் பாராமல் குப்பென்று வேர்க்க வைத்துவிட்டுத்தான் மூடியது. பனியன் கம்பெனி வைக்கப்போகிறோம் என்று ஒரு காலத்தில் நானும் அவரும் பேசிய பேச்சு இருக்கிறதே, அந்தப் பேச்சிலேயே ஒரு ஆயிரம் பனியன் தைத்திருக்கலாம்.

போர்ட் பிளேர். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபத்திமூன்று வயதில் அந்தமானில் மத்திய அரசு வேலைக்கு ஆர்டர் வந்தது எனக்கு, பழுப்பு உறையில், கப்பலில் போவதற்கான விவரத்தோடு. அப்பா அதை இரண்டு முறை படித்தார். "கடல் தாண்டியா தாயி" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும்தான் கேட்டார். நான் போகவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள்ளிருந்து இன்னொரு தனபாக்கியம் கிளம்பிப் போய்விட்டாள், இருபத்தாறு வருடமாக அவள் அங்கேதான் இருக்கிறாள். மெலிந்திருப்பாள். இந்தி மணியாகப் பேசுவாள். கடலில் நீந்துவாள், சல்வார்தான் போடுவாள், வாரக்கடைசியில் படகேறி ஏதாவது ஒரு தீவுக்குப் போய்விட்டு வருவாள். எனக்கு இங்கே மாமியாரோடு மனத்தாங்கல் வந்த நாளிலெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொள்வேன், அவளுக்கு மாமியார் கிடையாது. குக்கர் சத்தத்துக்கு நடுவில், பேருந்துக் கூட்டத்தில், தணிக்கைக்கு ஆள் வருகிற மாதத்தில், அவள் கடல் ஓரமாக நடந்துகொண்டே இருப்பாள். கொஞ்ச நாளாக அவளைக் காணோம். நினைத்துப் பார்க்க முயன்றாலும் முகம் வருவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தர்மபுரி வேண்டாம் என்பது பயமில்லை, வேண்டாம் என்றதும் ஒரு வருத்தமும் வரவில்லையே, அதுதான் பயம். ஆசை தீர்ந்துபோவது என்பது இதுதானா. இது திருப்தியா, வெறும் சோர்வா. சோர்ந்தவளும் இப்படித்தான் சொல்வாள், எனக்கு எல்லாம் போதும், நான் நன்றாக இருக்கிறேன் என்று. எப்படிக் கண்டுபிடிப்பது. சீனிக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று இருந்தால் வெறும் வயிற்றில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

"வெள்ளரிப்பிஞ்சு, வெள்ளரிப்பிஞ்சு." கூடையோடு வருகிற அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கேட்காமலே நாலைக் கீறி மிளகாய்ப்பொடி வைத்துத் தாளில் சுற்றுகிறாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பெயரை நானும் என் பெயரை அவளும் கேட்டதில்லை, ஆனால் எனக்கு உப்பு குறைவாக, பொடி கூடுதலாக என்று அவளுக்குத் தெரியும். "நேத்து வரலையே" என்கிறாள். "லீவு" என்கிறேன். "அதான பாத்தேன்" என்று அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறாள். கடிக்கிறேன். நறுக்கென்று உடைந்து தண்ணீர் நாக்கில் பரவி, பிறகு காரம் மெதுவாக ஏறுகிறது, மூக்கு நுனி வரைக்கும். சோர்ந்தவளுக்கு இவ்வளவு ருசிக்குமா. நல்ல கேள்வி, நாக்கிடம்தான் கேட்க வேண்டும். கூட்ஸ் வந்துவிட்டது. தரை அதிர்கிறது, ஊன்றிய கால் வழியாக அந்த அதிர்வு முட்டி வரைக்கும் ஏறுகிறது, பெட்டிகளை எண்ணத் தொடங்குகிறேன், ஒன்று, இரண்டு, சின்ன வயதிலிருந்து எண்ணாமல் விட்டதில்லை, ஏழு, எட்டு. நேற்று நேத்ரா போனை வைத்த பிறகு அவர் "என்ன, ஆட்டத்தை விட்டுருவோமா" என்றார். "விடுவாங்களாக்கும், சிவப்பு குழி வாசல்ல இருக்கு" என்றேன். அந்தப் போர்டு என் கல்யாணத்துக்கு என் சித்தப்பா வாங்கிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, நேத்ராவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த மறுநாள், வீடு அப்படிப் பேச்சுமூச்சு இல்லாமல் கிடக்க, அவர் கட்டிலுக்கு அடியில் நுழைந்து இழுத்துப் போட்டார். ஒரு மூலை லேசாக வளைந்திருந்தது. அந்த மூலைக்குப் போகிற காய் எல்லாம் கடைசி நிமிடத்தில் மனது மாறித் திரும்பும். இப்போது அந்த வளைவு எனக்கு அத்துப்படி, அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டு வரைக்கும். கல்யாணமான புதிதில்கூட இந்த மனிதரோடு இவ்வளவு சிரித்ததில்லை. தோற்றால் "பவுடர் சரியில்ல" என்பார். அலுவலகத்தில் நாலரை மணிக்கே எனக்குக் கை துறுதுறுக்கிறது, அவரை இன்றைக்கு எந்த வழியில் மடக்கலாம் என்று. பதினாறு, பதினேழு. எண்ணிக்கை தவறிவிட்டது.

சோர்வு இல்லை இது. சரி, அப்படியென்றால் அந்தக் காலத்தில், முதல் முறை. மாமியார் படுக்கையில் இருந்தார்கள், உண்மை. ஆனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் தயாராக இருந்தாள், "நீங்க போங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்" என்று பெட்டியோடு வந்தே நின்றாள். அன்றைக்கும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன், நன்றாக நினைவிருக்கிறது, நேராக வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போய் எண்ணெய்ப் பரோட்டா இரண்டு சாப்பிட்டேன், தனியாக, சால்னா இரண்டாம் முறை கேட்டு வாங்கி. தியாகம் செய்தவள் சாப்பிடுகிற சாப்பாடா அது. இரண்டாம் முறை நேத்ராவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அவள் படிப்புக்கு நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை, அவளே அலாரம் வைத்து எழுந்து அவளே டீ போட்டுக் குடித்துப் படித்தாள், எனக்கும் ஒரு டம்ளர் மூடி வைத்திருப்பாள். எனக்கு வேறு ஊருக்குப் போகப் பிடிக்கவில்லை. அதிகாரம் பண்ணப் பிடிக்கவில்லை. என் மேசை ஜன்னல் ஓரம் இருக்கிறது, என் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், எழுதத் தெரியாமல் வருகிற யாருக்காவது ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அன்று முழுவதும் எனக்கு மனசு நிறைந்திருக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. போக முடியவில்லை என்றால் எல்லோரும் பாவம் என்பார்கள், போகப் பிடிக்கவில்லை என்றால் சோம்பேறி என்பார்கள். பாவம் என்று சொல்ல வைத்துக்கொண்டேன். அதற்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டேன். பரோட்டா தின்றது நான், செரிக்காமல் கிடப்பது அவளுக்கு.

கேட் திறக்கிறது. திறந்ததும் நான் சொன்னது நடந்தது, ஒரு எழுத்துப் பிசகவில்லை. இரண்டு பக்கமும் பாய்ந்து, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே ஒரு டாட்டா ஏஸும் ஒரு ஆட்டோவும் மூக்கோடு மூக்கு நிற்கின்றன, ஹாரன் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் கிளம்பிவிட்டன. அருள்செல்வி நடுவில் மாட்டிக்கொண்டு கையை விரிக்கிறாள். இனிப் பத்து நிமிடத்துக்கு ஒருவரும் நகர முடியாது. ஸ்கூட்டியை ஸ்டாண்டில் போட்டேன். கைகளைச் சேலை முந்தானையில் துடைத்தேன், மிளகாய்ப்பொடி. கடிதத்தை எடுத்து சீட்டில் விரித்து வைத்து, கண்ணாடியை மாட்டி, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குடும்பச் சூழ்நிலை காரணமாக என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். அடித்த கடிதத்தைக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தில் பெரிய குற்றம், அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும், வைத்தேன். மேலே எழுதினேன்: எனக்கு இந்த ஊரிலேயே, இந்த வேலையிலேயே இருக்க விருப்பம் என்பதால். படித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன், விருப்பம் என்ற சொல்லை ஒரு கடிதத்திலும் இப்படி எழுதியதில்லை. போர்ட் பிளேர்க்காரி சட்டென்று நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் நாற்பத்தொன்பது ஆகிவிட்டது, அவளும் தடித்திருந்தாள், படகுத்துறை வரிசையில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், விருதுநகரில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவளும் யோசிப்பாள். நல்லாயிருடி என்று சொல்லிக்கொண்டேன்.

கடிதத்தைப் போட்டோ எடுத்து நேத்ராவுக்கு அனுப்பினேன். வகுப்பில் இருப்பாள், பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு டிக்கும் உடனே நீலமானது. எதையோ எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடியும் எழுதுகிறாள். வந்தது: "அப்போ அந்த ரெண்டு தடவை?" ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. அடித்தேன். "அப்பவும் இதேதான். எனக்குத்தான் போகப் பிடிக்கல. உன்னச் சாக்கு சொன்னேன். தப்பு என்னுதுதான் தாயி." அனுப்பிவிட்டு போனைத் தலைகீழாக சீட்டில் வைத்துவிட்டேன், பார்க்கத் தைரியம் இல்லை. கோபப்படுவாள். கோபப்படட்டும், பதினாலு வருடமாக என் பொய்யைச் சுமந்திருக்கிறாள், கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அழுவாளோ. ஒரு போலீஸ்காரர் இறங்கி டாட்டா ஏஸைப் பின்னால் தள்ளச் சொல்லிக் கையாட்டுகிறார். போன் அதிர்ந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. எடுத்துத் திருப்பினேன்.

"அடிப்பாவி அம்மா."

அதற்குக் கீழே: "இத முன்னாடியே சொல்லிருந்தா நான் பன்னெண்டாவதுல கொஞ்சம் தூங்கிருப்பேன்ல."

நட்ட நடு ரோட்டில், அத்தனை ஹாரனுக்கு மத்தியில், வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய்ப்பொடிக் கையால் துடைத்துத் தொலைத்து இன்னும் அதிகமாக வந்தது. வலது பக்கத்திலிருந்து அருள்செல்வி "என்னக்கா ஆச்சு, அழுறீகளா" என்று கத்துகிறாள். இல்லை என்று கையை ஆட்டுகிறேன். பால் வண்டி நகர்கிறது. இடது பக்க வரிசைதான் முதலில் போகிறது.